ரோமம் போர்த்திய யானைகள்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-ல் ஒரு ஆங்கிலப் படம் எடுத்தது என்று சொன்னால், பழைய சினிமா தெரிந்தவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். ராபர்ட் லிப்பர்ட் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரோடு மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் கூட்டுச் சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ அது. தமிழில் ‘காடு’. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் மூவரும் ஹாலிவுட்டிலிருந்து வந்து நடித்தார்கள். நம் பக்கத்திலிருந்து எம்.என். நம்பியார் இருந்தார். காட்டு யானைகள் மிரண்டு ஓடிவந்து ஊர்களை அழிக்கின்றன. யானையே மிரளும்படி காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கூட்டம் தேடிப் போகிறது. அங்கே இருப்பவை மாமூத்துகள். பனியுகத்தோடு முடிந்துபோனதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும், ரோமம் அடர்ந்த அந்தப் பழங்கால யானைகள், இந்தியக் காட்டில்.

அந்த மாமூத்துகள், உடம்பெல்லாம் ரோமம் போர்த்திய நம் யானைகள்தான்.

அந்தக் காட்சி வந்தபோது நான் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். கதை என் மனதிலிருந்து நழுவிவிட்டது. இத்தனை பெரிய போர்வையை யாரோ அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். யாரோ அதை யானை மேல் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்தச் சுமையோடு யானை அமைதியாக நிற்க, கேமராவில் படாத இடத்தில் ஒரு பாகன் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். யானை காதை அசைக்கும்போது ரோமமும் சேர்ந்து அசைகிறது. அந்த அசைவில் எனக்கு மாமூத்தும் தெரிந்தது, யானையும் தெரிந்தது, அந்தப் பாகனும் தெரிந்தார்.

அதிகம் பேர் அறியாத, குறைந்த செலவில் எடுத்த பழைய சாகசப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் பிடிப்பு இதுதான். பணம் இருக்கிற படம் தன் உழைப்பை மறைத்துவிடும். எங்கே செட், எங்கே டூப், எங்கே மினியேச்சர் என்று தெரியாமல் பூசி மெழுக அவர்களிடம் நேரமும் ஆளும் உண்டு. பணம் இல்லாத படத்தால் அது முடியாது. குதிரை வேண்டுமென்றால் நிஜக் குதிரை, குதிப்பதென்றால் நிஜமாகக் குதிக்க ஓர் ஆள், காடு வேண்டுமென்றால் மூட்டை கட்டிக்கொண்டு காட்டுக்கே போவது. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு படம் பார்க்கிறோம். ஒன்று, திரையில் ஓடும் கதை. இன்னொன்று, கையில் இருப்பதை வைத்து அந்தக் கதையை எப்படியாவது நடத்திக் காட்ட முயன்ற மனிதர்களின் கதை. இரண்டாவது படத்துக்காகத்தான் நான் இவற்றைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

இந்தப் படங்களைக் கேலி செய்து சிரிப்பதற்காகவே கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. எனக்கு அதில் ஒட்டவே முடியவில்லை. யானைக்கு ரோமம் போர்த்தியவர் தன் வேலையை முழு மனதோடு செய்திருக்கிறார். அதைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

லிப்பர்ட் அடிப்படையில் தியேட்டர் முதலாளி. அன்றைய அமெரிக்காவில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய படத்தோடு சேர்த்து ஓட்ட ஒன்றேகால் மணி நேரச் சின்னப் படங்கள் வாராவாரம் தேவைப்பட்டன. அந்தத் தேவைக்காகத்தான் அவர் தயாரிப்பில் இறங்கினார். ‘தி ஜங்கிள்’ படத்துக்கு முந்தைய வருடம் அவர் கம்பெனி எடுத்த ‘லாஸ்ட் காண்டினென்ட்’டிலும் சீசர் ரொமேரோதான் நாயகன். காணாமல்போன ராக்கெட்டைத் தேடி ஒரு குழு மலை ஏறுகிறது. ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. உச்சியை அடைந்ததும் படம் பச்சை நிறமாக மாறிவிடுகிறது, டைனோசர்கள் வருகின்றன. அந்த மலையேற்றத்தை ரீலை நிரப்புகிற வேலை என்று எல்லோரும் குறை சொல்வார்கள். உண்மைதான், நிரப்புகிற வேலைதான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. மலை ஏறுவது என்றால் நேரம் ஆகும், மூச்சு வாங்கும், கால் வைக்க இடம் தேட வேண்டும். இன்றைய படத்தில் இரண்டு ஷாட்டில் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். தூரம் என்ற ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

‘தி ஜங்கிள்’ படத்திலும் அப்படித்தான். நடை, நடை, இன்னும் நடை. நடுவில் விலங்குகள், நடனம். ஆனால் அந்த நடையைப் படம்பிடித்தவர் யார் என்று பாருங்கள்: கிளைட் டி வின்னா. 1928-ல் வெளிவந்த ஒரு தென்கடல் படத்துக்காகச் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கியவர். ‘டிரேடர் ஹார்ன்’ படத்துக்காக ஆப்பிரிக்காவுக்கே போய்க் கேமரா தூக்கியவர். வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் நம் காட்டுக்கு வந்திருக்கிறார். 1953-ல் இறந்துபோனார். படத்தை அமெரிக்காவில் செபியா நிறத்தில் வெளியிட்டார்கள். அந்தப் பழுப்பில் மூங்கிலும் யானைக் கூட்டமும் தெரிகிற விதம், கதை எவ்வளவு தள்ளாடினாலும் கண்ணைப் பிடித்து வைக்கிறது. ‘மந்திரி குமாரி’ எடுத்த எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் இதன் தயாரிப்பில் பங்கு உண்டு. ஏற்காடு அடிவாரத்து ஸ்டூடியோவும் ஹாலிவுட்டும் ஒரே டைட்டில் கார்டில் சேர்ந்த படம், இன்று சேலத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த யானைகள் ஞாபகம்தான் வரும்.

சரி, பம்பாய் ஸ்டண்ட் நடிகை நாடியாவிடம் வருகிறேன். இந்த வகைப் படங்களில் என்னை முழுதாக இழுத்துப் போட்டவர் அவர்தான்.

மேரி ஆன் எவன்ஸ் என்ற நாடியா 1908-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர், முதல் உலகப்போரில் இறந்துபோனார். குழந்தையாக இந்தியா வந்த நாடியா, வடமேற்கு எல்லைப் பகுதியில் வாழ்ந்த காலத்தில் குதிரை ஏறக் கற்றார். பம்பாய்க்குத் திரும்பி ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்தார். பிறகு பாலே, நாடக மேடை, சர்க்கஸ். ஜே.பி.எச். வாடியாவும் ஹோமி வாடியாவும் 1933-ல் தொடங்கிய வாடியா மூவிடோன் அவரை எடுத்துக்கொண்டது. இந்தியப் பெயர் வைத்து, சடை வைத்த விக் மாட்டிவிடலாம் என்று பெரியவர் ஜே.பி.எச். சொன்னபோது, அதெல்லாம் சரிவராது என்று நாடியா மறுத்துவிட்டார். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் அப்படியே இருக்க, கையில் சாட்டையோடு இந்திய இளவரசியாக 1935-ல் திரைக்கு வந்தார். படம் ‘ஹண்டர்வாலி’, இயக்கம் ஹோமி. விநியோகஸ்தர்கள் வாங்கத் தயங்கிய அந்தப் படத்தை வாடியாக்கள் கிராண்ட் ரோடு சூப்பர் சினிமாவில் தாங்களே முன்நின்று வெளியிட்டார்கள். அது வாரக்கணக்கில் ஓடித் தள்ளியது.

மறுவருடம் ‘மிஸ் ஃபிரான்டியர் மெயில்’. நாடியாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய ஃபிரான்டியர் மெயில் அன்றைய பெருமைமிக்க ரயில்களில் ஒன்று. படத்தில் நாடியாவின் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மேல் கொலைப்பழி. ரயில்வேயை நாசம் செய்யச் சதி செய்யும் முகமூடி வில்லனின் பெயர் ‘சிக்னல் எக்ஸ்’. ஓடும் ரயிலின் கூரையில் நாடியா சண்டை போடுகிறார். ஒருத்தனை அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார். என் மகளுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். சூப்பர் ஹீரோ படங்களில் ஊறிய பிள்ளை, பாதி கவனத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்பா, இது நிஜமாவே ரயில் மேலயா நடக்குது?” என்று கேட்டாள். நிஜமாகவேதான் என்றேன். “அப்ப அவங்க விழுந்துட்டா?”

நகரங்கள் இடிந்து விழுகிற, வானமே கிழிகிற படங்களைப் பார்க்கும்போது அவள் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அங்கே யாரும் விழமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இங்கே அது நிச்சயமில்லை. நாடியா தன் ஸ்டண்டுகளைத் தானே செய்தார். டூப் கிடையாது. அன்றைய சண்டைகளைத் தூரத்திலிருந்து, உடம்பு முழுக்கத் தெரிகிற மாதிரிதான் எடுப்பார்கள், வெட்டும் குறைவு. அதனால் அவர் கால் கூரையில் எங்கே படுகிறது, எங்கே லேசாகத் தடுமாறுகிறது என்பதுவரை தெரிகிறது. கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பதிவு செய்து, தியேட்டரில் சாதாரண வேகத்தில் போட்டால் சண்டை விறுவிறு என்று இருக்கும். அந்தத் தந்திரம் அன்றைக்கே உண்டு. ஆனால் வேகத்தைத்தான் அப்படி ஏற்ற முடியும். கூரைக்கும் தரைக்கும் இருக்கும் உயரத்தை அப்படிக் குறைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடியா மெலிந்த உடம்புக்காரர் இல்லை. தோளும் தொடையும் திரண்ட, பலம் தெரிகிற உடம்பு. அதை மறைக்கவோ வெட்கப்படவோ படம் அவரை வற்புறுத்துவதில்லை. ‘ஹே...ய்’ என்று கையை உயர்த்திக் கத்திக்கொண்டு குதிப்பார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! ஒரு பெண் தன் உடம்பின் பலத்தில் இவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பதை நம் சினிமா அதற்கப்புறம் எத்தனை முறை காட்டியிருக்கிறது? எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கூட நடித்த குதிரைக்கு ‘பஞ்சாப் கா பேட்டா’ என்று பெயர், காருக்கு ‘ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி’. நாடியாவுக்குச் சமமாக அவற்றுக்கும் கைதட்டல் கிடைத்தது.

ஜே.பி.எச். வாடியா படித்தவர், எம்.ஏ., சட்டமும் படித்தவர், பின்னாளில் புரட்சியாளர் எம்.என். ராயின் அரசியலில் ஈடுபட்டவர். ஹாலிவுட் சாகச நாயகன் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் படங்களில் மயங்கிப்போய் அந்த மாதிரிப் படங்களை இங்கே எடுக்கக் கிளம்பினார். ஆனால் அந்தச் சண்டைகளுக்கு நடுவே தான் நம்பியதையெல்லாம் வைத்தார். 1940-ல் வந்த ‘டயமண்ட் குயின்’ படத்தில் நாடியா ரவுடிகளை விரட்டுகிற நேரம் போக, பெண்களின் விடுதலை பற்றியும் படிப்பு பற்றியும் பேசுகிறார். அன்று மரியாதைப்பட்ட சமூகப் படங்களைப் பார்த்தவர்கள் வேறு, இந்த ஸ்டண்ட் படங்களுக்கு வந்தவர்கள் வேறு. மில் தொழிலாளிகளும் தெருப் பையன்களும் தரை டிக்கெட் வாங்கி வந்த இடம் இது. பத்திரிகைகள் இந்தப் படங்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால், 1940-ல், ஒரு பெண் குதிரை மேல் உட்கார்ந்து பெண் விடுதலை பேசினால் விசில் பறந்தது. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது.

தந்திரக் காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாபுபாய் மிஸ்திரி என்ற கலைஞரை பம்பாய் சினிமாக்காரர்கள் ‘காலா தாகா’ என்றே கூப்பிட்டார்கள். கறுப்பு நூல். 1937-ல் விஜய் பட் எடுத்த ‘குவாப் கி துனியா’ படத்தில் கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஒருவன் வருவான். கறுப்புப் பின்னணியில் கறுப்பு நூல் கட்டி, பொருட்களை அந்தரத்தில் நகர்த்தினார் பாபுபாய். நூல் தெரியாது, பொருள் நகரும். செலவு என்று பார்த்தால் ஒரு நூல்கண்டு. ஆனால் நூல் எந்தக் கோணத்தில் ஒளியில் பளபளக்கும், இழுக்கும் கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அதே காலத்தில் அமெரிக்காவில் ரிபப்ளிக் பிக்சர்ஸில் ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் சகோதரர்கள் இதே மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1941-ல் ‘கேப்டன் மார்வல்’ தொடர்படத்தில் நாயகன் பறக்க வேண்டும். ஆள் அளவு பொம்மை செய்து, கம்பி கட்டி, திறந்த வெளியில், நிஜ வானத்துக்குக் கீழே சறுக்கவிட்டார்கள். தரையிறங்கும்போது டேவிட் ஷார்ப் என்ற ஸ்டண்ட் கலைஞர் குதிப்பார். பொம்மை மறைந்து மனிதன் வருகிற அந்த இணைப்பு, இன்றைக்குப் பார்த்தாலும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. மேகமும் வெயிலும் நிஜம் என்பதால் பொம்மையும் கூடவே நிஜமாகிவிடுகிறது. பம்பாயில் நூல், ஹாலிவுட்டில் கம்பி.

தமிழிலும் இந்த அலை வந்தது. நாடியாவின் வெற்றிக்குப் பிறகு 1937-ல் கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல் கொடி’ படத்தில் கே.டி. ருக்மணி குதிரை ஏறிச் சண்டை போட்டார். வாடியா மூவிடோனின் பயில்வான் நாயகன் ஜான் காவஸ் 1938-ல் ‘வனராஜ கார்ஸன்’ என்ற தமிழ்ப் படத்தில் காட்டு மனிதனாக வந்தார், இயக்கம் ஹோமி வாடியா. இதற்கெல்லாம் முன்பே, மௌனப்பட காலத்தில், புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோ பம்பாய்ப் படங்களில் உடல் பலத்தைக் காட்டிப் பெயர் வாங்கியிருந்தார். அந்த மௌனப் படங்கள் என்ன ஆயின? தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். எரிந்து போனவை போக, மிச்சத்தை வெள்ளி எடுக்க எடைக்குப் போட்டார்கள். பக்திப் படத்தையாவது யாராவது பத்திரப்படுத்துவார்கள். தரை டிக்கெட்காரர்களின் சாகசப் படத்தை யார் பெட்டியில் பூட்டி வைப்பார்கள்?

எங்கள் மாமாவுக்கு ஜெய்சங்கர் படங்கள் என்றால் உயிர். 1970-ல் வந்த ‘காலம் வெல்லும்’, 1972-ல் வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, எல்லாம் ஒளிப்பதிவாளர் கர்ணன் தானே இயக்கிய குதிரைப் படங்கள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததை மாமா சண்டைக் காட்சி சகிதம் நடித்துக் காட்டுவார். தமிழ்நாட்டுப் பொட்டல்காட்டில் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அந்தப் படங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காது. கர்ணனின் கேமரா ஓடும் குதிரைகளின் காலடிக்கே போகிறது, புழுதியைத் தின்கிறது. இந்தப் படங்களின் கதையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தத் துரத்தல்களைச் சிபாரிசு செய்வேன். குளம்புச் சத்தத்தோடு, பெரிய திரையில்.

நாடியா 1961-ல் ஹோமி வாடியாவைத் திருமணம் செய்துகொண்டார். 1993-ல் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளையான ரியாத் வின்சி வாடியா அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தபோதுதான் புதிய தலைமுறைக்கு அவர் பெயரே தெரிந்தது. அதில் வயதான நாடியா பேசுவதைக் கேட்டால், வீரம் என்ற நினைப்பே அவரிடம் இருந்ததாகத் தெரியாது. வேலை வந்தது, செய்தேன் என்கிற தொனி. 1996 ஜனவரியில் இறந்தார்.

‘மிஸ் ஃபிரான்டியர் மெயில்’, ‘டயமண்ட் குயின்’, ‘தி ஜங்கிள்’ மூன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன. பிரிண்ட் சுமார்தான், கோடு விழுந்திருக்கும், சத்தம் கரகரக்கும். பார்த்துவிடுங்கள். ‘மின்னல் கொடி’யைத்தான் என்னால் எங்கேயும் பார்க்க முடியவில்லை. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் படத்தின் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், சில சமயம் அட்டையில் ஒரு படமும் இருக்கும். பழைய புத்தகக் கடைகளில் நான் இப்போது தேடுவது அதைத்தான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஏதாவது இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். குதிரை மேல் கே.டி. ருக்மணி இருக்கிற அட்டை அகப்பட்டால் அதை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிடுங்கள்.